வட ஆற்காட்டு விசித்திரங்களும் புழக்கடை ஆர்வங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். இன்றைக்கு ரத்தம் கொடுத்தால் நாளை மறுநாள்தான் ரிசல்ட். நடுவில் ஒரு நாள் சும்மா கிடக்கும். "பக்கத்தில் பார்க்க ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். கோட்டையையும் பொற்கோயிலையும் அவர்களே பார்த்துவிடுவார்கள். நான் அனுப்பி வைப்பது வேறு இடங்களுக்கு. பள்ளிகொண்டா பக்கம் பல வருடமாக இருக்கிறேன். உறவுக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதுவும் எந்நேரம் போனாலும் பார்க்கக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் போனால்தான் அது என்னவென்று தெரியும்.

வட ஆற்காடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பழைய மாவட்டத்தை. 1989-இல் அது வேலூர், திருவண்ணாமலை என்று இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. காகிதத்தில் இன்று நான்கு மாவட்டம். பெண் எடுப்பதும் கொடுப்பதும், கூத்துக்காரரை அழைப்பதும், மாடு வாங்கப் போவதும் இன்னும் ஒரே நாடாகத்தான் நடக்கின்றன.

வேலூரில் வெயிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேலி செய்கிறார்களே?

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு. அதை யாரும் இனிமேல் சொல்லாமல் இருப்பது நல்லது. சாமியில்லாத கோயில் என்றது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலை. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வரி பொய். பாலாற்றில் வெள்ளம் வரும் வருடங்களில் முதல் வரியும் பொய்தான். வெயில் மட்டும் நிஜம். அந்த வெயிலை வைத்தே பார்க்க வேண்டிய ஒரு பொருள் இங்கே இருக்கிறது. அதைத்தான் அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போகட்டும்?

விரிஞ்சிபுரம். வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்ற சொலவடை கேட்டிருப்பீர்கள், அந்த மதில் இதுதான். மதிலை நிதானமாகப் பாருங்கள். பிறகு உள்ளே தெற்குப் பக்கம் வந்து, மணி காட்டும் கல் எங்கே என்று கேளுங்கள்.

அரைவட்டமாகக் கோடு போட்டு எண்கள் செதுக்கிய கல் அது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. துடைப்பக் குச்சி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் போகும்போதெல்லாம் அங்கே குச்சி தேடி யாராவது தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். மேகம் போட்ட நாளில் போனால் அது வெறும் கல். விளக்கு வைத்த பிறகு போனாலும் அப்படித்தான். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போய்க் கால் மணி நேரம் கூடவே நின்றால் நிழல் நகர்வது கண்ணுக்கே தெரியும். தரை சுடும், கால் பத்திரம்.

அந்தக் கல் தப்பாக மணி காட்டுகிறது என்றார் என் மாமா. உண்மையா?

கல் தப்பில்லை. நம் கைக்கடிகாரம் காட்டுவது இந்த ஊர் மணி இல்லை. இந்திய நேரத்தை 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகிறது. விரிஞ்சிபுரம் சுமார் 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். அங்கே சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய 14 நிமிடம் கழித்துத்தான் நமக்கு உச்சிக்கு வரும்.

அதோடு முடியவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் வருடம் முழுக்க சூரியன் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். பிப்ரவரி நடுவில் இந்தப் பக்கம் உச்சிப்பொழுது 12 மணி 28 நிமிடத்துக்கு. நவம்பர் தொடக்கத்தில் 11 மணி 57 நிமிடத்துக்கே உச்சி. ஆக, மாசியில் போனால் நிழல் அரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஐப்பசியில் போனால் கிட்டத்தட்ட நம் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். உங்கள் மாமா மாசியில் போயிருப்பார்.

அப்படி ஒன்றை வீட்டுப் புழக்கடையில் செய்ய முடியுமா?

முடியும். நான் செய்து வைத்திருக்கிறேன். எனக்கு இருக்கும் எல்லாப் பொழுதுபோக்கிலும் அதிகம் பிடித்தது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டப் பலகை ஒன்று. ஓரளவு கனமான ஒட்டுப்பலகை போதும். நடுவில் துளை போட்டு ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியைச் செருகுங்கள். இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும், பலகைக்குச் செங்குத்தாக நிற்கட்டும். பலகையின் இரண்டு முகத்திலும் நடுவிலிருந்து 15 பாகைக்கு ஒரு கோடு இழுங்கள். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியே போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு.

இப்போது கம்பி நேர் வடக்கைப் பார்க்க வேண்டும். வடக்கு முனை தரைமட்டத்திலிருந்து 13 பாகை மேலே தூக்கியிருக்க வேண்டும். ஏன் 13 என்றால் வேலூரின் அட்சரேகை சுமார் 13 பாகை. துருவ நட்சத்திரமும் இங்கே அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் வடக்கே பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்கிறது. அதனால் மொட்டைமாடியில் வைத்தேன். ராத்திரி தரையில் படுத்து, கம்பியோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். முனையில் அந்த மங்கலான நட்சத்திரம் வந்து உட்கார்ந்ததும் செங்கல்லை அடைகொடுத்து சிமெண்ட் பூசினேன்.

பலகை கிட்டத்தட்ட நேராக நிற்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படி. இரண்டு முகத்திலும் 12 மணிக் கோடு நேராகக் கீழே. வடக்கு முகத்தை நீங்கள் பார்த்து நின்றால் காலை 6 மணி உங்கள் வலக்கைப் பக்கம், மாலை 6 இடக்கைப் பக்கம். தெற்கு முகத்தில் இதற்கு எதிர்ப்பதம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை வடக்கு முகத்தில் வெயில் விழும். மீதி ஆறு மாதம் தெற்கு முகத்தில். முகம் மாறும் அந்தச் சில நாட்களில் வெயில் பலகையின் விளிம்பில் வழுக்கிக்கொண்டு போகும், இரண்டு பக்கமும் நிழல் சரியாக விழாது. முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டுப் பலகை சாய்ந்துவிட்டது என்று நினைத்துச் சிமெண்ட்டைப் பெயர்க்கப் போனேன். நல்லவேளை, சுத்தியல் எடுக்கப் போன இடத்தில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

வயலில் பெரிய மனித உருவம் ஒன்று மண்ணால் செய்து படுக்க வைத்திருந்தார்கள். அது என்ன?

துரியோதனன். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் கடைசியில் வரும் படுகளத்துக்காகச் செய்வது. சித்திரை, வைகாசியில் செய்யாறு, ஆரணி, ஆற்காடு, வந்தவாசிப் பக்கம் பஸ்ஸில் போனால் கோயில் எதிரே மல்லாந்து கிடப்பான். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் முதலில் வயிறுதான் தெரியும், ஒரு மண்மேடு மாதிரி.

முந்தின நாளே போய்விடுங்கள் என்பேன். செய்வதைப் பார்ப்பது, செய்து முடித்ததைப் பார்ப்பதைவிடப் பெரிய அனுபவம். வண்டி வண்டியாக மண் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வருவார்கள். ஆரணிப் பக்கம் ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் துரியோதனன் மார்மேல் உட்கார்ந்து கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "மூக்கு எப்ப தாத்தா வெப்பீங்க?" என்று கேட்டேன். "இப்ப வெச்சா வெயில்ல வெடிச்சிடும் நைனா. பொழுது சாயட்டும்" என்றார். சொன்ன மாதிரியே சாயங்காலம் வந்து, இரண்டு கை நிறைய மண் எடுத்து, ஒரே அப்பில் வைத்தார். அதுவரை மேடாக இருந்தது அந்த நொடியில் முகமானது. கூடியிருந்த பிள்ளைகள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

மறுநாள் காலை வண்ணம் பூசிய உருவத்தைச் சுற்றிக் கூத்து வேஷத்தோடு பீமனும் துரியோதனனும் ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடிய அதே ஆட்கள். தொடையில் அடி விழுந்து சிவப்பு வெளியே வந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அப்புறம் ஊர்ச்சனம் உருவத்தின் மண்ணைப் பிடி பிடியாக எடுத்துப் போகும். நெல் போட்டு வைக்கிற இடத்தில் போட்டால் விளைச்சல் குறையாது என்று நம்பிக்கை. சாயங்காலம் தீமிதி. மறுநாள் போனால் அங்கே கலைந்த மண்தான் இருக்கும்.

ராத்திரி முழுக்கக் கூத்து பார்த்தால் புரியுமா?

பாட்டின் எல்லா வரியும் புரியாது. கட்டியங்காரன் வந்து நடுநடுவே பேச்சில் எடுத்துச் சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். இரண்டு மணிக்குத் தூக்கம் வரும், அந்த நேரம் எழுந்து டீ குடித்துவிட்டு வேஷம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மரியாதையாக நில்லுங்கள். மரக்கட்டையில் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும் புஜமும் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். கட்டைக்கூத்து என்ற பெயரே அந்த மரக்கட்டை அணிகளால் வந்தது. புரிசை கிராமத்துப் பெயர் வெளிநாடு வரை போனதும் இந்தக் கூத்தால்தான். விடியற்காலை மூன்றரைக்கு மேல் ஆட்டம் வேகம் பிடிக்கும். அதற்கு முன்னால் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எருது விடும் விழாவும் ஜல்லிக்கட்டும் ஒன்றுதானா?

இல்லை. மதுரைப் பக்கம் மாட்டை ஆள் அணைவது போட்டி. இங்கே மாட்டை யாரும் பிடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய ஓடுபாதையில் காளை தனியாக ஓடும். குறைந்த நொடியில் கடக்கிற காளைக்குப் பரிசு. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கலில் தொடங்கி மாசி வரை நடக்கும். 2017-இல் இவற்றை அனுமதிக்கத் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. கலெக்டர் அனுமதியும் கால்நடை டாக்டர் சோதனையும் உண்டு.

விழாவைவிட, காளை வளர்க்கும் வீட்டைப் பாருங்கள் என்று சொல்வேன். ஏருக்கோ வண்டிக்கோ கட்டாத மாடு அது. வருடத்தில் ஓடுவது சில விநாடிகள். அதற்காகப் பருத்திக்கொட்டை அரைத்து, ஏரியில் நீச்சல் விட்டு, விடியற்காலையில் நடை கூட்டிப் போய், கொசு கடிக்காமல் புகை போட்டு வளர்ப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் மாட்டுக்குச் சாப்பாடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது திரும்பும். விழாவுக்குப் போனால் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். போட்டோவுக்காக ஓடுபாதைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

மொட்டைமாடியில் புறா விடுகிறவர்கள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

கர்ணப் புறா பறந்துகொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும், எத்தனை போடுகிறது என்று எண்ணுவார்கள். சாதாப் புறா ஆடாமல் மேலேயே மணிக்கணக்கில் நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது கணக்கு. விடியலில் விட்டுவிட்டு, பாயில் மல்லாந்து படுத்து, புள்ளியாகத் தெரிகிற வரை பார்ப்பார்கள். வைரியோ வல்லூறோ வந்தால் நெஞ்சு அடிக்கும். பார்க்கப் போகிறீர்கள் என்றால் காலை ஆறு மணிக்குள் போங்கள், கைதட்டாதீர்கள், வெளிர் நிறச் சட்டை போடுங்கள். கொஞ்சம் கம்பு வாங்கிப் போனால் வீட்டுக்காரர் உட்கார வைத்துப் பேசுவார்.

காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறதாமே?

இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் போக வேண்டும். வைணு பாப்பு என்ற வானியலாளர் தேர்ந்தெடுத்த இடம், 1968-இலிருந்து அங்கே வானம் பார்க்கிறார்கள். 1972-இல் ஒரு மீட்டர் அகலக் கண்ணாடியுள்ள தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ஆம் தேதி ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைத்தபோது, மறைப்பதற்கு முன்னும் பின்னும் அதன் ஒளி சட்டென்று குறைந்ததை இங்கேயும் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அன்றைய கணிப்புகளால்தான். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறந்தபோது பாப்பு உயிரோடு இல்லை. அவர் பெயரையே வைத்தார்கள். 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

பார்வையாளருக்குச் சனிக்கிழமையே வழக்கம். கிளம்பும் முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசையை ஒட்டிய, மழையில்லாத மாதத்துச் சனிக்கிழமை பாருங்கள். தை, மாசி நல்லது. மலையில் செல்போன் டார்ச் அடிக்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும்.

நாய்க்கு நடுகல் வைத்திருக்கிறார்கள் என்பது கதையா?

கல்வெட்டே இருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் மாடு மீட்கும் சண்டையில் இறந்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவலாக நின்றது என்று எழுதியிருக்கிறது. நாயின் பெயரைக் கல்லில் எழுத வேண்டும் என்று அந்த ஊரில் யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

செங்கம் பக்கம் வயல்வெளியில் இன்னும் நிறைய நடுகற்கள் நிற்கின்றன. சிலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மத்தியான வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலத்திலோ பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது உருவம் எழுந்து வரும். சுண்ணாம்பு, மாவு எதையும் தடவிப் படிக்க முயலாதீர்கள்.

ஜவ்வாது மலையில் குள்ளர் வீடுகளா?

ஊரார் சொல்லும் பெயர் அது. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். முன் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். குனிந்து பார்த்தால் யாரோ குட்டி மனிதர் வாசல் என்றுதான் தோன்றும். உள்ளூர் ஆள் துணையில்லாமல் போக வேண்டாம். சாத்தனூர் அணைப் பக்கம் மோட்டூரில் தலையில்லாமல் தோள் விரித்து நிற்கும் பெரிய கல் ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஏலகிரி?

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் அல்லது வள்ளல் பெயர். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டே ஏறுங்கள்.

குடியாத்தத்தில் அம்மன் தலையை மட்டும் ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்களாமே?

கெங்கையம்மன் சிரசு. வைகாசி முதல் தேதி, ஆங்கில மாதத்தில் மே நடுவில். பெரிய தலையைத் தெருத்தெருவாகத் தூக்கி வந்து கோயிலில் உடலோடு பொருத்துவார்கள். கூட்டம் நெரியும். விடியும் முன் போய் இடம் பிடிக்க வேண்டும், வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

தோட்டத்தில் குழி தோண்டும்போது பழைய காசு கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

1878-இல் வந்த புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கிச் சேர்ப்பது வேறு. ஆற்காடு ரூபாய் சேர்க்கிறவர்கள் இங்கே உண்டு. முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயர் போட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ரூபாயில் தாமரை இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அடித்ததில் பிறை. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை வளர்க்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப்போக ஏதாவது?

இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய். காம்பிலும் புல்லியிலும் முள் இருக்கும், குவியலில் கைவிட்டால் குத்தும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையை விவசாயிகள் தாங்களே எடுத்து வைக்கிறார்கள். முற்றிய, மஞ்சளான காய் ஒன்று கேட்டு வாங்கிப் போய், விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, உங்கள் மாடியில் போட்டுப் பாருங்கள்.

வெளியே எங்கும் போக முடியாது, நோயாளியோடு அறையிலேயே இருக்கிறோம். எங்களுக்கு ஏதாவது?

ஏப்ரல் 24-ஐ ஒட்டியோ ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியோ இருந்தால், உண்டு. அந்த நாட்களில் வேலூருக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். ஏப்ரலில் 12 மணி 12 நிமிடத்துக்கு, ஆகஸ்டில் 12 மணி 17 நிமிடத்துக்கு. வாய் விரியாத, பக்கம் நேராக இருக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். சமதரையில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு முன்பே போனால் ஒரு பக்கம் மெல்லிய பிறை மாதிரி நிழல் இருக்கும். அது சுருங்கிக்கொண்டே வந்து டம்ளருக்கு அடியில் போய்விடும். உள்ளே எட்டிப் பாருங்கள், அடிப்பக்கம் முழுக்க வெயில் இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து மறுபக்கம் நிழல் எட்டிப் பார்க்கத் தொடங்கும். அதற்குள் நோயாளியையும் மாடி வாசல் வரை நடத்திக் கூட்டி வந்து காட்டிவிடுங்கள்.